நான்கு நாள் விடுப்பில் ‘லோன்சம் டவ்’ பார்ப்பது எப்படி

எங்கள் தொழிற்சாலையில் நான்கு நாள் வேலை, நான்கு நாள் விடுப்பு. வேலை நாளில் 12 மணி நேரம். பினாங்கின் பாயான் லெப்பாஸில் இந்த ஷிஃப்டில் ஓடுகிற எல்லாருக்கும் விடுப்பின் முதல் பகல் தூக்கத்தில் போய்விடும். ஆனால் நான்கு இரவுகள் முழுசாகக் கையில் இருக்கும். அந்த நான்கு இரவுகளுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல ஒரு தொடர் இருக்கிறது. 1989 பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கி 8ஆம் தேதி புதன்கிழமை முடிந்த ‘லோன்சம் டவ்’. மொத்தம் நான்கு பாகம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். விளம்பரத்தைக் கழித்தால் எல்லாம் சேர்ந்து ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

குதிரை, தொப்பி, துப்பாக்கி, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் இதைப் பாயான் பாரு வீட்டில் அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அப்பாவுக்கு 76 வயது. தமிழ் வாசிப்பார், மலாய் பேசுவார், ஆங்கிலம் தெரியாது. நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். வேலை முடிந்த பிறகு மாடு வளர்த்தவர். அவர் நான்கு இரவும் பாதியில் எழுந்து படுக்கப் போகவில்லை.

முதலில் கதை. பயப்படாதீர்கள், முதல் அரை மணி நேரத்தில் தெரிவதை மட்டும் சொல்கிறேன். லோன்சம் டவ் என்பது டெக்சாஸின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றோரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ. 1870களின் பிற்பகுதி. டெக்சாஸ் ரேஞ்சர் என்ற எல்லைக் காவல் படையில் பல வருடம் தலைவர்களாக இருந்த இரண்டு பேர், வயதாகி, வேலையை விட்டுவிட்டு அங்கே மாடும் குதிரையும் வாங்கி விற்கிறார்கள். ஒருவர் கஸ் மெக்ரே. மற்றவர் உட்ரோ கால். பழைய கூட்டாளி ஜேக் ஸ்பூன் ஒரு நாள் வந்து சேர்கிறான். வடக்கே மொன்டானாவில் இன்னும் ஒருத்தரும் மாடு கொண்டு போகவில்லை, புல்லும் தண்ணீரும் அப்படியே கிடக்கிறது என்கிறான். அதைக் கேட்டதிலிருந்து காலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மந்தையைத் திரட்டி மொன்டானாவுக்கு ஓட்டிக்கொண்டு போவது என்று முடிவாகிறது. அவ்வளவுதான் கதை. தெற்கிலிருந்து வடக்கே மாடு ஓட்டிப் போகிறார்கள்.

எவ்வளவு தூரம் என்பதை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பினாங்கிலிருந்து சிங்கப்பூர் சுமார் 700 கிலோமீட்டர். போய், திரும்பி வந்து, மறுபடியும் போனால்கூட அந்தத் தூரம் வராது. மாடு ஒரு நாளைக்கு 16 முதல் 24 கிலோமீட்டர்தான் நடக்கும். அதற்கு மேல் விரட்டினால் இளைத்துவிடும், போய்ச் சேர்ந்த இடத்தில் விலை போகாது. அதனால்தான் மாதக்கணக்கில் ஆகிறது. ஒரு மாட்டின் மேயும் வேகத்தில்தான் இந்தத் தொடரும் போகும். இதைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் பாதி வெற்றி.

ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டால், அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சாஸில் கேட்பாரற்று மாடுகள் பெருகிக் கிடந்தன. அங்கே ஒரு மாடு 4 டாலர் என்றால் வடக்கே 40 டாலர் வரை போனது. கான்சஸ் மாநிலம் வரைதான் இரயில் பாதை வந்திருந்தது, அதுவரை நடத்தியே கூட்டிப்போக வேண்டும். 1867இல் அபிலீன் என்ற ஊரில் மாடு ஏற்றுவதற்கென்று இரயிலடி வந்தது. 1874இல் முள்கம்பிக்குக் காப்புரிமை கிடைத்தது. பிறகு நிலமெல்லாம் வேலி ஏறி, மந்தைகள் திறந்தவெளியில் போகிற காலமே சில வருடத்தில் முடிந்துவிட்டது. ஆக, தாங்கள் ஆண்ட ஒரு காலம் கண் முன்னால் முடிவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்களின் கதை இது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வட்டு வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. நான் முதலில் இணையத்தில் ஒருவரிடம் பழைய டிவிடி வாங்கினேன். அமெரிக்காவில் விற்றது. வீட்டுக் கருவியில் ஓடவே இல்லை. டிவிடிக்கு வட்டார எண் உண்டு. அமெரிக்க வட்டு 1ஆம் வட்டாரம், மலேசியா 3ஆம் வட்டாரம். வட்டாரப் பூட்டு இல்லாத கருவி இருந்தால் சரி, இல்லாவிட்டால் பணம் வீண். புளூ-ரே என்றால் அந்தச் சிக்கல் இல்லை. அமெரிக்காவும் நாமும் அதில் ஒரே ‘ஏ’ வட்டாரம். ஆகவே புளூ-ரே கருவி வைத்திருக்கிறவர்கள் அதையே வாங்குங்கள். வாங்குமுன் நான்கு பாகமும் முழுசாக இருக்கிறதா என்று அட்டையில் நேரத்தைப் பாருங்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகப் போட்டிருந்தால் வேண்டாம்.

திரைக்குக் கீழே ஓடுகிற எழுத்தைக் கண்டிப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் சொல்கிறேன். டெக்சாஸ் பேச்சு இழுத்து இழுத்து, வார்த்தையின் வாலை விழுங்கிப் பேசுவது. அதிலும் கஸ் பேசுகிற பேச்சில் ஒரு வரியைத் தவறவிட்டால் நஷ்டம். நாம்தான் சின்ன வயதிலிருந்து எந்த ஆங்கிலப் படத்தையும் கீழே மலாய் எழுத்தோடு பார்த்துப் பழகியவர்களாயிற்றே, அது ஒரு தொந்தரவாகவே தெரியாது.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தொடரை விட்டுவிட்டவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் விட்டிருக்கிறார்கள். முதல் பாகத்தின் முதல் முக்கால் மணி நேரத்தில். நானும் முதல் தடவை அங்கேதான் விட்டேன். இரவு ஷிஃப்ட் முடித்து வந்து, பசியாறிவிட்டு, காலை பத்து மணிக்குப் போட்டேன். கிழவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பன்றி சுற்றி வருகிறது. ஒருவர் ரொட்டி சுடுகிறார். இன்னொருவர் குதிரையோடு மல்லுக்கட்டுகிறார். தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் மாடுகள் நடந்துகொண்டிருந்தன, யார் யார் என்று ஒன்றும் புரியவில்லை. மூன்று மாதம் திரும்பத் தொடவில்லை.

அந்தத் திண்ணைதான் வாசல். அங்கே உட்காராமல் உள்ளே போக முடியாது. மாடு நகரத் தொடங்கிய பிறகு யாரும் யாரையும் அறிமுகப்படுத்த மாட்டார்கள். ஆற்றில், மழையில், இருட்டில் எல்லாம் வேகமாக நடக்கும். அப்போது இவன் இன்னார், இவனுக்கு இதுதான் பயம், இவனுக்கு இவள் மேல் ஆசை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை எல்லாம் அந்தப் புழுதி படிந்த முற்றத்தில்தான் சொல்லிவைக்கிறார்கள். அதனால் முதல் இரவு நல்லாத் தூங்கி எழுந்த பிறகு, சாயந்திரம் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள்.

அங்கே என்ன பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறேன். கஸ் விடியற்காலையில் ரொட்டி சுடுவதைப் பாருங்கள். எழுத்தில் ‘பிஸ்கட்’ என்று வரும். நம் கோப்பியில் தோய்க்கிற பிஸ்கட் இல்லை அது. புளித்த மாவில் இரும்புச் சட்டியில் சுடுகிற சின்ன பன் மாதிரி. அவ்வளவு பேர் இருக்கிற வீட்டில் அவர் ஒருவர்தான் அதைச் சுடுகிறார், அதற்காக எல்லாருக்கும் முன்னால் எழுகிறார். மற்ற வேலை எதையும் தொடமாட்டார். உட்ரோ காலைப் பாருங்கள், அவர் உட்காரவே மாட்டார். சாப்பிடும்போதுகூட மனம் வெளியே இருக்கும். இரவானால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தனியாக ஆற்றோரம் போய்விடுவார். ஆபத்து ஒன்றும் இல்லை, பழக்கம். அவருடைய சாம்பல் நிறப் பெண்குதிரை யாருக்கும் அடங்காதது. அதைத்தான் அவருக்குப் பிடிக்கும்.

அந்த வீட்டில் நியூட் என்று ஒரு பையன் இருக்கிறான். தாய் இறந்துவிட்டாள், தகப்பன் யார் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. பார்க்கிற நமக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும், கஸ் வாய் சும்மா இருக்காது. கால்தான் தகப்பன். அதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். இதைச் சொன்னதால் கதையைக் கெடுத்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். சொல்வாரா, மாட்டாரா என்பதுதான் ஆறு மணி நேரமும். நியூட்டும் காலும் ஒரே சட்டகத்தில் வரும்போதெல்லாம் காலின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். டாமி லீ ஜோன்ஸ் அந்த வேடத்தில் பேசுவது கொஞ்சம். நெருங்கிப் போய், ஏதோ சொல்ல வந்து, குதிரையின் வாரைச் சரிசெய்துவிட்டுத் திரும்பிவிடுகிற மாதிரியான ஆள். எனக்கு அந்த நடிப்பை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

கஸ் வேடத்தில் ராபர்ட் டுவால். அவருக்கு முதலில் காலின் வேடத்தைத்தான் கொடுக்க நினைத்தார்களாம், அவர் கஸ்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். தான் செய்ததிலேயே பிடித்த வேடம் இதுதான் என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பார்த்தால் உங்களுக்கும் தெரியும். அவர் நடக்கிற நடையிலேயே ஒரு சந்தோஷம் இருக்கும்.

பெயர்கள் நிறைய. இதற்கு நாங்கள் ஒரு வழி செய்தோம், நீங்களும் செய்யலாம். அப்பாவுக்கு ஆங்கிலப் பெயர் வாயில் நுழையவில்லை. அதனால் அவரே பட்டப்பெயர் வைத்துவிட்டார். கஸ் ‘பேச்சுக்காரர்’. கால் ‘கங்காணி’. டேனி குளோவர் நடிக்கிற டீட்ஸ் ‘வழி பாக்கிறவர்’. அவர் முன்னால் போய்த் தண்ணீர் எங்கே, மேடு எங்கே என்று பார்த்து வந்து சொல்கிற கறுப்பின மனிதர், எல்லாரிலும் நிதானமானவர். கூடவே வருகிற பீ ஐ என்பவர் ‘ஒல்லி’. ஜேக் ஸ்பூன் முதல் இரவில் ‘மைனர்’, மூன்றாம் இரவில் அப்பா அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை. லொரீனாவை மட்டும் ‘அந்தப் பிள்ளை’ என்பார். டையன் லேன் நடித்திருக்கிறார். அந்த ஊர் மதுக்கடையில் உடம்பை விற்றுப் பிழைக்க வேண்டிய நிலையில் இருக்கிற பெண், எப்படியாவது சான் பிரான்சிஸ்கோ போய்விட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே கனவு. இந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தோம்.

அப்புறம், ஓர் இடத்தில் எல்லாரும் தடுமாறுவார்கள். மாடுகளை விட்டுவிட்டுக் கதை திடீரென்று ஆர்க்கன்சா மாநிலத்தில் ஃபோர்ட் ஸ்மித் என்ற ஊருக்குத் தாவும். அங்கே ஜூலை ஜான்சன் என்று ஓர் இளம் காவல் அதிகாரி. ‘ஜூலை’ என்பது அவர் பெயர், மாதம் இல்லை. கிறிஸ் கூப்பர் நடித்தது. இவர் யார், எதற்கு வருகிறார் என்று நானும் குழம்பினேன். ஜேக் ஸ்பூன் அந்த ஊரில் ஒரு மனிதனைச் சுட்டுவிட்டுத்தான் லோன்சம் டவ்வுக்கு ஓடி வந்திருக்கிறான். செத்தவர் ஜூலையின் அண்ணன். அதைப் பிடித்துக்கொண்டால் போதும், மீதி தானாக வந்து சேரும். வேறு படம் மாறி வந்துவிட்டதோ என்று வட்டை எடுத்துப் பார்க்க வேண்டாம்.

ஆங்கிலம் தெரியாத பெரியவர்களோடு பார்க்கிறவர்களுக்கு இன்னொரு யோசனை. ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்க்காதீர்கள். முதல் இரவில் அப்படிச் செய்தேன், இருபது நிமிடத்தில் அப்பாவே “நீ சும்மா இரும்மா, நான் பாத்துக்கிறேன்” என்று கையைக் காட்டினார். அதன் பிறகு பாகம் தொடங்குவதற்கு முன்னால் ஐந்து நிமிடம், முடிந்த பிறகு பத்து நிமிடம் பேசினேன். நடுவில் நீளமான பேச்சு வந்தால் மட்டும் ஒரு வரியில் சாரம். மாடு, குதிரை, ஆறு, மழை இதற்கெல்லாம் மொழியே தேவைப்படவில்லை. சில இடத்தில் அவர்தான் எனக்கு விளக்கினார். அந்த நீளக்கொம்பு மாடுகளைப் பார்த்த உடனே, “இதுகளை நெருக்கி ஓட்டக் கூடாது, ஒண்ணோட ஒண்ணு குத்திக்கும், நீளமா விட்டு ஓட்டணும்” என்றார். அப்புறம் பார்த்தால் திரையிலும் மந்தை நீளக் கயிறு மாதிரிதான் போகிறது. முன்னால் போகிற ஒரு மாட்டைக் கையில் வைத்துக்கொண்டால் மற்றவை பின்னாலேயே வரும் என்றார். அமெரிக்க மாட்டுக்காரர்களும் அப்படித்தான், பழகிய காளையை முன்னே விட்டு நடத்தினார்கள்.

அந்த வேலையில் யார் எங்கே குதிரையில் வருகிறார்கள் என்பதைக் கவனித்தால் இன்னும் நன்றாக இருக்கும். அனுபவசாலிகள் முன்னால், இரண்டு பக்கமும். கடைசியில், மந்தைக்குப் பின்னால், புழுதியைத் தின்றுகொண்டு வருகிற வேலை புதிய பையன்களுக்கு. நியூட் அங்கேதான் வருவான், மூக்கில் துணி கட்டிக்கொண்டு. சமையல் வண்டி ஒன்று கூடவே வரும். 1866இல் சார்லஸ் குட்நைட் என்ற டெக்சாஸ் மாட்டுக்காரர் பழைய இராணுவ வண்டியின் பின்பக்கம் பெட்டி பெட்டியாகத் தட்டு வைத்துச் செய்தது அந்த மாதிரி வண்டி. மாவு, பீன்ஸ், கோப்பி, மருந்து எல்லாம் அதில்தான்.

எனக்கு அந்தக் கடைசி இடம் தெரியும். 1992இல் எங்கள் தோட்டம் கைமாறியது. புது நிர்வாகம் மரத்தை எல்லாம் தள்ளிவிட்டுச் செம்பனை போடப்போகிறோம், மாடுகள் கன்றைத் தின்னும், ஒரு மாதத்தில் அப்புறப்படுத்துங்கள் என்று சொல்லிவிட்டது. பக்கத்து லயத்தில் எல்லாரும் வந்த விலைக்கு விற்றார்கள். அப்பா விற்கவில்லை. சிம்பாங் அம்பாட் பக்கம் பெரியப்பாவுக்குத் தெரிந்தவர் நிலத்தில் இடம் கிடைத்தது. எட்டு, ஒன்பது கட்டை, அதாவது மைல் தூரம். பகலில் சடக்கில் லோரி ஓடும் என்று இரவு பதினொரு மணிக்குக் கிளம்பினோம். ஏழு மாடு, இரண்டு கன்று. அப்பா முன்னால் சிவப்பியைப் பிடித்துக்கொண்டு போனார். எனக்கு 11 வயது. கடைசியில் டார்ச் லைட்டோடு நான். என் வேலை, பின்னால் வருகிற வண்டிக்கு வெளிச்சம் காட்டுவது, கன்று நின்றால் தட்டிவிடுவது. சுங்கை பாக்காப் கடைத்தெருவைத் தாண்டும்போது எல்லாக் கடையும் சாத்தியிருந்தது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. மாட்டுக் குளம்புச் சத்தம் தாரில் டக் டக் என்று கேட்டுக்கொண்டே வந்தது. விடியும்போது போய்ச் சேர்ந்தோம். அப்பா வழி முழுக்க என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போனதும் என் காலில் செருப்பு அறுந்திருப்பதைப் பார்த்தார். அன்று சாயந்திரமே புதுச் செருப்பு வந்தது. இந்தத் தொடரில் நியூட் பின்னால் வருகிற காட்சி வந்தபோது அப்பா திரையைப் பார்த்தபடியே, “நீ அன்னிக்கு அழாம வந்தே” என்றார். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த இரவைப் பற்றி அவர் பேசியதே அதுதான் முதல் தடவை.

இப்போது எச்சரிக்கை. முதல் பாகம் முடிவதற்குள் ஓர் ஆற்றைக் கடப்பார்கள். அந்தக் காட்சியைச் சின்னப் பிள்ளைகள் பார்க்க வேண்டாம். பாம்புக்குப் பயப்படுகிறவர்கள் பக்கத்தில் ஆள் வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடக்கிறது என்று சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு இந்தத் தொடர் எப்படிப்பட்டது என்று புரிந்துவிடும். இதில் கெட்டவன்தான் சாவான், நல்லவன் பிழைப்பான் என்ற உத்தரவாதம் கிடையாது. எவ்வளவு பிடித்த ஆளாக இருந்தாலும்.

இரண்டாம் பாகத்தை நீங்கள் தனியாகப் பார்க்காமல் இருப்பது நல்லது. லொரீனாவுக்கு நடக்கிற கொடுமை மனதைப் போட்டுப் பிசையும். பெரும்பாலும் நேராகக் காட்டாமல்தான் எடுத்திருக்கிறார்கள், இருந்தாலும் பாரம் இறங்காது. அதன் பிறகு கஸ் அவளைப் பார்த்துக்கொள்கிற விதம் இருக்கிறதே, அதைத்தான் நான் இந்தத் தொடரின் உயிர் என்பேன். ஒரு கூடாரம், ஒரு ஆற்றோரம், அவசரப்படுத்தாத ஒரு மனிதன். எதையும் கேட்காமல், தள்ளியும் போகாமல், அவளுக்குப் பேச்சு வரும்வரை பக்கத்திலேயே இருக்கிறார். அந்தக் காட்சிகளில் பேச்சு குறைவு. கோப்பி எடுக்க எழுந்து போகாதீர்கள்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பூர்வகுடிகளை இதில் காட்டுகிற விதம் போதாது. அந்த நிலமெல்லாம் அவர்களுடையது. கொமான்சி மக்கள் 1875இல் சரணடைய வேண்டியதாயிற்று, எருமைக் கூட்டங்களை வேட்டைக்காரர்கள் அழித்தது அவர்கள் சோற்றில் மண்ணைப் போட்டது. கதையில் கஸ்ஸே இதை யோசித்துப் பேசுகிற இடம் உண்டு, தாங்கள் யாருக்காக நாட்டைச் சுத்தம் செய்தோம் என்று. பசியில் வாடும் குடும்பங்களையும் காட்டுகிறார்கள். ஆனாலும் பெயர் சொல்லி, முகம் காட்டி, முழு மனிதராக வருகிறவர்கள் குறைவு. அதையும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

மூன்றாம் இரவுக்கு ஒரு காரணம் தனியாக உண்டு, அது கிளாரா. அஞ்செலிகா ஹூஸ்டன். கஸ் ஒரு காலத்தில் விரும்பிய பெண். நெப்ராஸ்காவில் ஒகலாலா பக்கம் இருக்கிறாள் என்று முதல் பாகத்திலிருந்தே பேச்சு அடிபடும். ஆள் வருவதற்குத் தொடரில் பாதிக்கு மேல் ஆகிவிடும். அந்தக் காத்திருப்பு வீண் போகாது. அவள் வீட்டு முற்றத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசும்போது, இத்தனை நேரம் எல்லாரையும் பேச்சில் மடக்கிய மனிதர் முதல் தடவையாகத் தனக்குச் சமமான ஆளிடம் பேசுவார். புருஷன் நினைவில்லாமல் படுத்த படுக்கை, பண்ணை முழுக்க அவள் கையில். எங்கள் தோட்டத்தில் அப்படி மூன்று பெண்களையாவது எனக்குத் தெரியும்.

இசையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாசில் பொலிடூரிஸ் அமைத்தது, அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கியது. 18 பிரிவில் பரிந்துரைக்கப்பட்டு 7 எம்மி வாங்கிய தொடர் இது. இயக்கிய சைமன் வின்சருக்கும் ஒன்று கிடைத்தது. அவர் ஆஸ்திரேலியர். மாடும் குதிரையும் கூட்டமாக நகர்வதை எங்கிருந்து பார்த்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும் என்று தெரிந்த ஆள். தொடக்க இசை ஒவ்வொரு பாகத்துக்கும் வரும், தள்ளிவிட்டு ஓடாதீர்கள். நான்காம் பாகத்தில் அதே இசை வேறு மாதிரி கேட்கும்.

நான்காம் பாகத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. மறுநாள் வேலை இருந்தால் அன்றிரவு பார்க்காதீர்கள். என் கணக்கில் அதுதான் கொஞ்சம் இடித்தது, மறுநாள் காலை ஆறரைக்குப் பஸ். அதனால் அன்று மட்டும் சாயந்திரம் நான்கு மணிக்கே போட்டோம். முடிந்தபோது ஏழு ஆகவில்லை. அப்பா எழுந்து வெளி நடையில் போய் நின்றார். கீழே பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விளக்கு எல்லாம் எரிய ஆரம்பித்திருந்தது. நான் தட்டு எடுத்துவைத்துக் கூப்பிட்டேன். “வரேன்” என்றார், வர அரை மணி நேரம் ஆயிற்று. அப்படி ஓர் அரை மணி நேரம் உங்களுக்கும் வேண்டியிருக்கும், அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள்.

முடிக்கும்வரை இணையத்தில் எதையும் தேடாதீர்கள். குறிப்பாக, மேலே நான் சொன்ன குட்நைட்டின் வாழ்க்கையையும் அவருடைய கூட்டாளி ஆலிவர் லவிங்கின் பெயரையும். இந்தக் கதையில் ஒரு பகுதி அவர்கள் வாழ்க்கையில் 1867இல் உண்மையாகவே நடந்ததிலிருந்து பிறந்தது. முடிந்த பிறகு தேடிப் படியுங்கள், கையில் கோப்பியை வைத்துக்கொண்டு நிதானமாக. டீட்ஸுக்கும் அப்படி ஒரு நிஜ மனிதர் உண்டு. அவர் பெயரையும் அப்போது கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

புத்தகத்தை முதலில் படிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. லாரி மெக்மர்ட்ரி 1985இல் எழுதிய நாவல், மறு வருடம் புலிட்சர் பரிசு பெற்றது. 800 பக்கத்துக்கு மேல். நாவலாவதற்கு முன்னால் 1970களின் தொடக்கத்தில் அவர் இதைத் திரைக்கதையாகத்தான் எழுதியிருக்கிறார். ஜான் வெய்ன், ஜேம்ஸ் ஸ்டூவர்ட், ஹென்றி ஃபோண்டா மூவரையும் வைத்து எடுக்கப் பேசி, வெய்ன் ஒத்துக்கொள்ளாமல் நின்றுபோனது. பிறகு அவரே அந்தக் கதையைத் திரும்ப வாங்கி நாவலாக்கினார். என் யோசனை, முதலில் தொடர், பிறகு புத்தகம். முகங்கள் மனதில் பதிந்த பிறகு படித்தால் அந்தத் தடிமன் பயமுறுத்தாது. தொடருக்குத் திரைக்கதை எழுதிய பில் விட்லிஃப் நாவலை மிக மரியாதையோடு கையாண்டிருக்கிறார், பேச்சில் பாதி அப்படியே புத்தகத்தில் இருக்கும். நான் மூன்று விடுப்பில் படித்து முடித்தேன்.

பின்னால் வந்த குறுந்தொடர்களும் உண்டு. 1993, 1995, 1996, 2008 என்று நான்கு. அதில் கடைசி இரண்டும் கஸ்ஸும் காலும் இளைஞர்களாக இருந்த காலம். கதை நடக்கும் காலவரிசைப்படி பார்க்கலாம் என்று அங்கிருந்து தொடங்கிவிடாதீர்கள். நான் பார்த்து இப்படிச் செய்த ஒருவர் இரண்டாவதைத் தாண்டவே இல்லை. இளமையை முதலில் பார்த்துவிட்டால் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரின் மௌனத்துக்கு அர்த்தம் தேடுகிற வேலை உங்களுக்கு இல்லாமல் போகும். 1989ஐ முதலில் முழுசாகப் பாருங்கள். நான் இன்னும் 1993ஐத் தொடவில்லை. அதை மெக்மர்ட்ரி எழுதவில்லை, காலாக நடிப்பவரும் வேறு. எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த விடுப்பில் என்ன போடட்டும் என்று கேட்டேன். அப்பா குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துவிட்டு, திண்ணையிலிருந்து போடச் சொன்னார்.